புள்ளி தொலைந்த முகவரிகள்: ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் நிகழ்வு ஆய்வு

வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் மென்பொருளை நாங்கள் மூன்று பேர் பராமரித்து வந்தோம். மதுரையும் சுற்றுவட்டாரமும்தான் அவர்களின் எல்லை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போன் வரும். அலுவலகத்தில் போன் எடுப்பவர் பெயர், முகவரி, கோளாறு மூன்றையும் தமிழிலேயே தட்டச்சு செய்வார். அது டெக்னீஷியனின் செல்போனுக்குப் போய்ச் சேரும். இவ்வளவுதான் அந்த மென்பொருளின் வேலை. ஆனால் முகவரி ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் மற்ற எதுவும் உபயோகமில்லை.

எங்களுக்கு வந்த புகாரின் தலைப்பு "முகவரியில் எழுத்துப் பிழை". கூடவே மேலாளரின் குறிப்பு ஒன்று: "தட்டச்சு செய்பவர்கள் கவனக் குறைவாக இருக்கிறார்கள். பிழை திருத்தி ஏதாவது சேர்க்க முடியுமா?"

இணைத்திருந்த படத்தில் முகவரி இப்படி முடிந்திருந்தது: "பிள்ளையார் கோவில". கடைசி ல-வுக்குப் புள்ளி இல்லை. இன்னொன்றில் "மாடிப்பட". மூன்றாவதில் "ரேஷன் கட". பார்த்தவுடன் யாருக்கும் அவசரத்தில் தட்டிய கை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிழை திருத்தியைச் சேர்ப்பது எவ்வளவு நாள் வேலை என்று கணக்குப் போடக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

என்னை நிறுத்தியது அங்கே போன் எடுக்கும் அக்கா. தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவர். இருபது வருடமாகத் தமிழ் அடிக்கிறவர். விவரம் கேட்கக் கூப்பிட்டபோது அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

"தம்பி, நான் புள்ளி விடுற ஆளா? 'கோவில் எதிர் வீடு, பச்சை கேட்'னு முழுசா அடிச்சேன். அடிச்சதை வாசிச்சும் காட்டினேன், அந்தம்மா சரின்னாங்க. அப்புறம் பார்த்தா பச்சை கேட்டையும் காணோம், எதிர் வீட்டையும் காணோம். புள்ளி மட்டும் போனா என் தப்புன்னு வெச்சுக்கலாம். மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான். எழுத்துப் பிழை என்று நாங்கள் பெயர் வைத்தது வெட்டு. வெட்டு விழுந்த இடம் ஓர் எழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் அமைந்துவிட்டதால் பிழை மாதிரித் தெரிந்தது.

தமிழில் இது ஏன் இப்படி மறைந்துகொள்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "கோவில்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் அது ஆறு குறிகள்: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. "பிள்ளையார் கோவில்" நமக்கு எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும். கணினிக்கு 17 குறிகள். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரில், எழுத்துகளைச் சேமிக்கும் இடத்தின் அகலத்தை என்வார்சார்(100) என்று எழுதினால் அந்த 100 இந்தக் குறிகளையே எண்ணுகிறது, நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. துல்லியமாகச் சொன்னால் இரண்டு பைட் கொண்ட அலகுகளை எண்ணுகிறது. தமிழின் குறிகள் எல்லாம் ஓர் அலகுக்குள் அடங்குபவை. அதனால் வெட்டு எந்தக் குறியின் மீதும் விழலாம். மெய்க்கும் புள்ளிக்கும் நடுவில் விழுந்தால் "ல்" என்பது "ல" ஆகும். "டை"யின் நடுவில் விழுந்தால் "ட" ஆகும். இரண்டும் நல்ல தமிழ் எழுத்துகள்தான். கேள்விக்குறியோ கட்டமோ எதுவும் வராது. ஆங்கிலத்தில் பாதிச் சொல்லோடு நின்றால் அறுந்துவிட்டது என்று கண்ணுக்கு உடனே தெரியும். தமிழில் அது புள்ளி வைக்க மறந்தவரின் தவறாகத் தெரிகிறது.

அக்காவின் பேச்சைக் கேட்டபின் தரவைப் பார்த்தோம்.

முதலில் எங்களைத் திசைதிருப்பியது முகவரிகள் சேமிக்கப்படும் டேபிள், அதாவது தரவு அட்டவணை. முகவரி நெடுவரிசை என்வார்சார்(200). அதை 100-லிருந்து 200 ஆக்கியதே நான்தான். போன் எடுப்பவர்கள் "100-க்கு மேல் அடிக்க விடவில்லை" என்று கேட்டிருந்தார்கள். டேபிளையும் திரையில் இருக்கும் கட்டத்தையும் 200-க்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். அதனால் அகலத்தில் பிரச்சினை இருக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் கிடைத்தது: டேபிளில் 150, 160 நீளமுள்ள முகவரிகள் இருந்தன. நூற்றைத் தாண்டி எழுத முடிகிறது என்றால் வெட்டு வேறெங்கோ நடக்கிறது என்று முடிவு கட்டி, செல்போன் செயலியையும் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியையும் தோண்டி ஒரு நாளை வீணாக்கினோம். அந்த நீளமான முகவரிகள் எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவை. அவை வேறு ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த சிறு நிரல்) வழியாக உள்ளே வந்தவை. எந்த வழியாக வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு டேபிளைப் பார்த்து முடிவு சொன்னதுதான் எங்கள் முதல் தவறு.

இரண்டாம் நாள் நீளங்களின் கணக்கை எடுத்தோம். எக்செல்லில் வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, திரை வழியாக வந்த முகவரிகளை மட்டும் நீளவாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொரு நீளத்திலும் எத்தனை என்று எண்ணினோம். மனிதர்கள் சொல்லும் முகவரிகளின் நீளம் குன்று மாதிரி ஏறி, சரிவு மாதிரி இறங்க வேண்டும். இங்கே 60, 70 வரை ஏறி, 90-களில் இறங்கி, 100-இல் திடீரென்று ஒரு தூண் நின்றது. 101-இல் ஒன்றுகூட இல்லை. அந்தத் தூணைப் பார்த்ததும் எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முகவரி சொல்கிறவர்கள் யாரும் சரியாக 100 குறியில் பேச்சை நிறுத்துவதில்லை.

99-இலும் சின்னதாக ஒரு மேடு இருந்தது. அதற்கும் காரணம் கிடைத்தது. நாங்கள் நீளம் அளக்க லென் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தோம். லென் கடைசியில் வரும் இடைவெளிகளை எண்ணாது. 100-ஆவது குறி இடைவெளியாக இருந்தால் லென் 99 என்றுதான் சொல்லும். பைட் கணக்கில் அளக்கும் டேட்டாலெங்த்தில் அளந்தால் 200 பைட், அதாவது அதே 100. மாற்றி அளந்ததும் மேடு காணாமல் போய்த் தூண் இன்னும் உயர்ந்தது. வெட்டைத் தேடும்போது லென்னை நம்பக் கூடாது என்று அன்றைக்கே குறித்து வைத்தேன்.

எங்கே வெட்டப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. திரையிலிருந்து டேபிள் வரைக்கும் நான்கு கை மாறுகிறது: உலாவி, எங்கள் சி ஷார்ப் ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் நிரல்), ஸ்டோர்டு புரொசீஜர், டேபிள். நடுவில் ஒரு இடத்தில் நின்று பார்த்தால் பாதித் தூரம் தெளிவாகிவிடும். சர்வரில் நடப்பதைப் பதிந்து காட்டும் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் செஷன் ஒன்றை ஓடவிட்டு, வெளியிலிருந்து வரும் புரொசீஜர் அழைப்புகள் முடியும் நிகழ்வைப் பிடித்தோம். அக்காவிடம் நீளமான சோதனை முகவரி ஒன்றை அடித்துச் சேமிக்கச் சொன்னோம். பிடிபட்ட அழைப்பில் முகவரி முழுசாக இருந்தது, பச்சை கேட் வரைக்கும். டேபிளில் "கோவில" வரைக்கும்தான் இருந்தது.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், ஏபிஐயும் வெட்டக்கூடிய இடம்தான். ஏபிஐ சர்வருக்கு மதிப்பைக் கொடுக்கப் பயன்படுத்தும் எஸ்கியூஎல்பாராமீட்டரில் சைஸ் என்று ஒரு பண்பு இருக்கிறது. அதில் 100 என்று எழுதி 150 நீளமுள்ள மதிப்பைக் கொடுத்தால் 100 மட்டும்தான் சர்வருக்குப் போகும், அதுவும் சத்தமில்லாமல். அப்படி நடந்திருந்தால் சர்வரில் பிடிபட்ட அழைப்பிலேயே முகவரி குறைந்திருக்கும். முழுசாக இருந்ததால் உலாவியும் ஏபிஐயும் குற்றவாளிகள் இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

பிறகு புரொசீஜரைத் தனியாக ஓட்டினோம். இதற்கு "அஅஅஅ" என்று நிரப்பிய ஸ்ட்ரிங் போதாது. எங்கே வெட்டு விழுந்தது என்று அப்புறம் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். நாங்கள் கொடுத்தது பத்துப் பத்தாக எண் பொறித்த அளவுகோல்: எட்டு முற்றுப்புள்ளிகள், பிறகு 10, எட்டுப் புள்ளிகள், பிறகு 20, 90-க்குப் பின் ஏழு புள்ளிகள், பிறகு 100, மறுபடி ஏழு புள்ளிகள், பிறகு 110, இப்படி 250 வரைக்கும். புரொசீஜர் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு வரி சேர்ந்தது என்றது. டேபிளைத் திறந்தால் "90" தாண்டி ஏழு புள்ளிகளும் "100"-உம் இருக்க, அதோடு நின்றிருந்தது. அதே அளவுகோலைப் புரொசீஜர் இல்லாமல் டேபிளில் நேரடியாக இன்ஸர்ட் செய்து, அதாவது புது வரியாகச் சேர்த்துப் பார்த்தோம். அங்கே டேபிள் மறுத்தது. பிழை எண் 2628. டேபிளின் பெயர், நெடுவரிசையின் பெயர், வெட்டப்படவிருந்த மதிப்பு மூன்றையும் சொன்னது.

புரொசீஜரைத் திறந்தோம். முகவரியை வாங்கிக்கொள்ளும் பாராமீட்டர் என்வார்சார்(100). டேபிளை மாற்றிய அன்று நான் இதை மாற்றவில்லை.

முன்பு இது ஏன் நடக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. பழைய திரை 100-க்கு மேல் அடிக்க விடாது. மூன்று இடத்திலும் 100 இருந்தவரை வெட்டுவதற்கு எதுவும் இல்லை. நான் முதல் கதவையும் கடைசிக் கதவையும் அகலமாக்கினேன், நடுக் கதவை விட்டுவிட்டேன். மாற்றியபின் சோதித்தும் பார்த்தேன்: நீளமான முகவரி ஒன்றை அடித்தேன், "சேமிக்கப்பட்டது" என்று வந்தது, பிழை இல்லை, அதோடு திருப்திப்பட்டுவிட்டேன். சேமித்ததைத் திரும்பப் படித்து, கொடுத்ததோடு ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சர்வர் ஏன் வாய் திறக்கவில்லை?

எஸ்கியூஎல் சர்வரில் டேபிளுக்கு ஒரு நியாயம், நிரலுக்குள் மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் வேரியபிளுக்கு வேறொரு நியாயம். நெடுவரிசைக்குள் அடங்காத ஸ்ட்ரிங்கை இன்ஸர்ட் செய்தால், ஆன்சி வார்னிங்ஸ் அமைப்பு ஆனில் இருக்கும்வரை பிழை வரும். பெரும்பாலான இணைப்புகளில் அது இயல்பாகவே ஆன்தான். ஆனால் புரொசீஜருக்கும் ஃபங்ஷனுக்கும் பாராமீட்டர் கொடுக்கும்போதும், வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்கும்போதும் அந்த அமைப்பு கண்டுகொள்ளப்படுவதே இல்லை. மூன்று இடம் உள்ள வேரியபிளில் பத்து எழுத்தை வைத்தால் முதல் மூன்று நிற்கும், மற்றவை போகும், எச்சரிக்கை வராது. இது மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் நடத்தை. ஆக, இதைக் கோளாறு என்று புகார் செய்ய முடியாது.

இதன் விளைவை நினைத்தால் எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. டேபிள் வாசலில் நின்று சரிபார்க்கும் காவலாளி. அந்தக் காவலாளியிடம் வந்து சேரும்போது முகவரி ஏற்கெனவே 100-ஆகக் குறைந்துவிட்டது. 200 அனுமதி உள்ள வாசலில் 100 வந்தால் அவர் ஏன் தடுக்கப்போகிறார்? டேபிள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பழி கடைசியில் தட்டச்சு செய்தவர் தலையில் போய் விழுந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் 2019-க்கு முந்தைய பதிப்புகளில் டேபிள் மறுத்தாலும் வருவது 8152 என்ற பழைய பிழை. ஸ்ட்ரிங் வெட்டப்படும் என்று சொல்லும், எந்த நெடுவரிசை என்று சொல்லாது. ஐம்பது நெடுவரிசை உள்ள இன்ஸர்ட்டில் அதைத் தேடியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பெயரோடு சொல்லும் 2628 வேண்டுமானால் 2019-இல் டேட்டாபேஸின் இணக்க நிலை (எந்தப் பதிப்பின்படி நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 150 ஆக இருக்க வேண்டும். 2016-க்கும் 2017-க்கும் பின்னால் வந்த புதுப்பிப்புகளில் டிரேஸ் ஃப்ளாக் 460 என்ற சர்வர் அமைப்பை ஆன் செய்ய வேண்டும். ஆனால் இந்த வசதி எதுவும் பாராமீட்டர் வெட்டுக்கு உதவாது. பிழையே எழாத இடத்தில் நல்ல பிழைச் செய்தியால் என்ன பயன்?

பாராமீட்டரை 200 ஆக்கினோம். அக்காவுக்குப் போன் செய்து "சரியாயிடுச்சுக்கா" என்றேன்.

இரண்டு நாளில் மறுபடியும் போன். "தம்பி, புதுசா போடுறது முழுசா போகுது. திருத்திப் போட்டா மட்டும் மறுபடி அறுந்து போகுது."

மறுபடி நீளக் கணக்கு. இந்த முறை முகவரியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருக்கும் அடையாளக் குறிப்பு நெடுவரிசையில் 40-இல் ஒரு தூண். டெக்னீஷியனுக்குப் போகும் எஸ்எம்எஸ் அந்தக் குறிப்பைத்தான் எடுக்கிறது. திருத்தும் புரொசீஜரில் குறிப்புக்கான பாராமீட்டர் என்வார்சார்(40). குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை என்றால் முழு முகவரியையே குறிப்பாக வைத்துக்கொள் என்பதற்காக, முதல் மதிப்பு இல்லாவிட்டால் இரண்டாவதைத் தரும் இஸ்நல் ஃபங்ஷனுக்குள் முதலில் பாராமீட்டரும் இரண்டாவதாக முகவரியும் இருந்தன. படித்தால் அப்பழுக்கில்லாத வரி. ஆனால் இஸ்நல் தன் விடையின் வகையையும் அகலத்தையும் முதல் மதிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முதல் மதிப்பு 40 அகலம் என்றால் இரண்டாவதாக வரும் 150 நீள முகவரியும் 40 ஆகக் குறுகித்தான் வெளியே வரும். அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும் கோலஸ் போட்டால் இப்படி நடக்காது. அது கொடுத்த எல்லா மதிப்புகளையும் பார்த்து, அகலமானது அடங்கும்படி வகையைத் தேர்ந்தெடுக்கும். ஒரு சொல்லை மாற்றியதில் அது தீர்ந்தது. பாராமீட்டரின் அகலத்தையும் கூட்டினோம்.

இதை முன்கூட்டியே பிடிக்காததற்கு எனக்கு மன்னிப்பே இல்லை என்று தோன்றியது. ஒரு வெட்டைக் கண்டுபிடித்ததும் அதுதான் காரணம் என்று ஓய்ந்துவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு புகாராக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, டேட்டாபேஸ் முழுவதையும் நாமே துழாவ வேண்டும் என்று உட்கார்ந்தோம்.

துழாவியது இப்படி. சிஸ் பாராமீட்டர்ஸ் என்ற சிஸ்டம் வியூவில் ஒவ்வொரு புரொசீஜரின் ஒவ்வொரு பாராமீட்டரும் அதன் அதிகபட்ச நீளமும் கிடைக்கும். சிஸ் காலம்ஸ் வியூவில் டேபிள்களின் நெடுவரிசைகளுக்கும் அப்படியே. இரண்டிலும் நீளம் பைட்டில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது: என்வார்சார்(100)-க்கு 200 என்று காட்டும், எண்ணுக்குப் பதில் மேக்ஸ் என்று எழுதியிருந்தால் மைனஸ் 1. எந்தப் பாராமீட்டர் எந்த நெடுவரிசைக்குப் போகிறது என்று சர்வர் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. பெயரை வைத்து யூகிக்க வேண்டியதுதான். பெயர் ஒன்றாக இருந்து, பாராமீட்டரின் நீளம் நெடுவரிசையைவிடக் குறைவாக இருப்பவற்றை முதலில் எடுத்தோம். மற்றவற்றுக்கு நிரலை வரிவரியாக நாங்களே படித்தோம். புரொசீஜருக்குள் அறிவிக்கப்படும் வேரியபிள்கள் அந்த வியூவில் வராது என்பதால் அதற்கும் படிப்பதைத் தவிர வழியில்லை. சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்ததால்தான் மூன்றாவது ஒன்று அகப்பட்டது.

வேலையின் நிலை மாறும்போதெல்லாம் வரலாற்று டேபிளில் ஒரு வரி எழுதும் புரொசீஜர். அதில் நிலை என்ற பாராமீட்டருக்கு வெறும் என்வார்சார் என்று மட்டும் இருந்தது, பக்கத்தில் எண் இல்லை. சிஸ் பாராமீட்டர்ஸில் அதன் நீளம் 2 பைட். பாராமீட்டருக்கோ வேரியபிளுக்கோ எண் கொடுக்காவிட்டால் சர்வர் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். வகையை மாற்றும் கேஸ்ட், கன்வெர்ட் இரண்டிலும் எண் விட்டுப்போனால் 30. ஒரே மறதிக்கு இரண்டு இடத்தில் இரண்டு விளைவு.

டேபிளைத் திறந்து பார்த்தால் நிலை நெடுவரிசை முழுக்க "ந" என்றும் "ம" என்றும் இருந்தது. "நிலுவை"யின் இகரம்கூட மிஞ்சவில்லை. "முடிந்தது" என்பது ஒன்பது குறிகள். அதில் மிஞ்சியது "ம". முதல் எழுத்தான "மு"கூட முழுசாக இல்லை. இதைவிட மோசமானது, "மறுக்கப்பட்டது" என்பதும் "ம" ஆகியிருந்தது. பின்னால் வந்த யாரோ ஒருவர் இந்த டேபிளிலிருந்து மாத அறிக்கை எழுதியிருக்கிறார். ஓரெழுத்துச் சுருக்கக் குறியீடு என்று நினைத்து, "ம" என்றால் முடிந்தது என்று வைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கிறது. விளைவு, வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வேலைகளெல்லாம் முடிந்த வேலைகளாக மாதாமாதம் எண்ணப்பட்டு வந்திருக்கின்றன. யாரும் புகார் செய்யவில்லை. எண்கள் நன்றாக இருந்தால் யார் புகார் செய்வார்கள்?

திருத்தம் எப்படிச் செய்வது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாதம் நடந்தது. எல்லாப் பாராமீட்டரையும் என்வார்சார்(மேக்ஸ்) ஆக்கிவிட்டால் டேபிள் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். வெறுமனே சேமிக்கும் புரொசீஜர்களுக்கு அது நியாயமான வழிதான். ஆனால் அதே பாராமீட்டரை வைத்துத் தேடும் இடங்களில் மேக்ஸ் வகை தேடலின் வேகத்தைக் கெடுக்கக்கூடும்; அங்கே நான் அதை விரும்பவில்லை. மற்றொரு யோசனை, முகவரி என்று சொந்தமாக ஒரு வகையை உருவாக்கி டேபிளிலும் புரொசீஜரிலும் அதையே பயன்படுத்துவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் எஸ்கியூஎல் சர்வரில் அப்படி உருவாக்கிய வகையின் அகலத்தைப் பிறகு மாற்ற முடியாது. பயன்படுத்தும் இடங்களையெல்லாம் விடுவித்து, நீக்கிவிட்டு, மறுபடி உருவாக்க வேண்டும். அகலம் மாறுவதுதான் நமக்கு வந்த பிரச்சினையே.

கடைசியில் செய்தது இது: எழுதும் புரொசீஜர்களில் பாராமீட்டரை நெடுவரிசையைவிட ஒன்று கூடுதலாக, 201 என்று வைத்தோம். உள்ளே முதல் வேலையாக டேட்டாலெங்த் 400 பைட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் த்ரோ கொண்டு பிழை எழுப்பினோம். 250 வந்தாலும் அது 201-ஆக வெட்டப்படும். 201 என்பதே வரம்பு மீறியதற்குச் சாட்சி. லென்னை வைத்துச் சோதித்தால் 201-ஆவது குறி இடைவெளியாக இருக்கும்போது ஏமாந்துபோவோம், அதனால் இங்கேயும் டேட்டாலெங்த்தான். கூடவே ஒரு சோதனை எழுதினோம்: ஒவ்வொரு புரொசீஜருக்கும் அந்த அளவுகோல் ஸ்ட்ரிங்கைக் கொடுத்து, ஒன்று முழுசாகத் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் பிழை வர வேண்டும். பாதியாகத் திரும்பினால் அந்த வெளியீடு நிற்கும். விஷுவல் ஸ்டுடியோவின் டேட்டாபேஸ் புராஜெக்ட்டில் இருக்கும் நிரல் ஆய்வையும் ஆன் செய்தோம். ஒன்று அல்லது இரண்டு அகலமுள்ள மாறுநீள வகைகளைச் சுட்டிக்காட்டும் விதி ஒன்று அதில் இருக்கிறது, எஸ்ஆர் 0009. வகை மாற்றத்தில் தரவு இழப்பு வரலாம் என்று சொல்லும் விதி எஸ்ஆர் 0014. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஆனில் இருந்திருந்தால் அந்த "ம" முன்பே பிடிபட்டிருக்கலாம்.

வேறு டேட்டாபேஸ் பயன்படுத்துகிறவர்கள் இது நமக்கு இல்லை என்று கடந்துபோக வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஆரக்கிளில் புரொசீஜரின் பாராமீட்டருக்கு அகலமே எழுத முடியாது. உள்ளே இருக்கும் வேரியபிளில் அடங்காவிட்டால் 6502 என்று பிழை வரும். நெடுவரிசையின் வகையையே வேரியபிளுக்கு எடுத்துக்கொள்ளும் வசதியும் அங்கே உண்டு. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். போஸ்ட்கிரஸில் ஃபங்ஷனின் பாராமீட்டருக்கு வார்சார்(10) என்று எழுதினாலும் அந்த 10 கண்டுகொள்ளப்படாது, முழுசாக உள்ளே போகும். ஆனால் வெளிப்படையாக வார்சார்(10)-க்கு கேஸ்ட் செய்தால் சத்தமில்லாமல் வெட்டும். மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோடு ஆனில் இருந்தால் 1406 பிழை வரும், 5.7 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே ஆன். பழைய சர்வரிலிருந்து அமைப்புகளை அப்படியே கொண்டுவந்தவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. எஸ்கியூஎல் சர்வர் 2019-இலிருந்து வார்சாரிலும் யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமிக்கும் முறைக்கான அமைப்பு) வைத்துத் தமிழைச் சேமிக்கலாம். அங்கே அடைப்பில் எழுதும் எண் பைட்டைக் குறிக்கும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். "பிள்ளையார் கோவில்" என்ற 17 குறிகளுக்கு 49 பைட் ஆகும். என்வார்சார்(100)-ஐ அப்படியே வார்சார்(100) ஆக மாற்றினால் முப்பத்து மூன்று குறிகளோடு முகவரி நின்றுவிடும்.

தொலைந்த முகவரிகளை மீட்பதுதான் நீண்ட வேலையாக இருந்தது. டேபிளில் இல்லாததை டேபிளிலிருந்து எடுக்க முடியாது. ஏபிஐ தனக்கு வந்த கோரிக்கைகளைக் கோப்பில் பதிந்து 30 நாள் வைத்திருக்கும். அதில் முழு முகவரிகள் இருந்தன. சரியாக 200 பைட் உள்ள வரிகளை மட்டும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தோம். பதிவிலிருக்கும் முகவரியின் முதல் 100 குறிகள் டேபிளில் இருப்பதோடு அப்படியே பொருந்தினால் மட்டும் மாற்றினோம். இடையில் யாராவது திருத்தியிருந்தால் தொடவில்லை. 30 நாளுக்கு முந்தையவற்றுக்குப் பதிவு இல்லை. வரலாற்று டேபிளின் "ம"-க்களை, அந்தந்த வேலைக்குப் பணம் வசூலான ரசீது இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தோம். எதுவும் சிக்காதவற்றுக்குத் "தெரியாது" என்று எழுதினோம். யூகித்து நிரப்ப மனமில்லை.

மிச்சமிருந்த பழைய முகவரிகளை அக்காதான் எடுத்துக்கொண்டார். பட்டியலை அச்சடித்துக் கேட்டார். மதியம் போன் குறைவாக வரும் நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கோவிலுக்குப் பிறகு என்ன, ரேஷன் கடைக்குப் பிறகு என்ன என்று கேட்டுக் கேட்டு அடித்தார். புகாரின் தலைப்பை நான் "முகவரி வெட்டப்படுகிறது, தட்டச்சில் பிழை இல்லை" என்று மாற்றி, காரணத்தையும் நான் செய்த மாற்றத்தின் தேதியையும் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். அனுப்பிய கடிதத்தை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையார் கோவில் எதிர் வீட்டம்மாவை முதல்ல கூப்பிட்டுட்டேன் தம்பி, பச்சை கேட்டை இப்ப நீலமா மாத்திட்டாங்களாம்" என்றார்.